முதல் வரிசையில் ஒரு வாயசைவு

சூசைமேரிக்குப் பாதிக் காதுதான் கேட்கும். அவினாசி ரோட்டு மண்டபத்தில் அத்தனை பேர் ஒன்றாகக் கத்தியும் அவளுக்கு அது பெரிய இரைச்சலாகப் படவில்லை. சோமனூரில் இருபத்திரண்டு வருஷம் தறிக்குடோனில் நின்றவள். ஒரே கூரையின்கீழ் இருபத்துநாலு தறி அடிக்கிற சத்தத்தில் வாழ்ந்தவளுக்கு இதெல்லாம் கொடியேற்றத்து வெடி மாதிரி, வந்து வந்து போகிற சத்தம். குளிர்தான் தாங்கவில்லை. ஏசி நேராக உச்சந்தலையிலேயே இறங்கியது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேடையில் வலது கோடியில் உட்கார்ந்திருந்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் பேர் ஆல்வின். இருபது வயசு. கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிற ஐந்து பேர் கொண்ட கணபதி வட்டாரத்து அணியில் ஒருவன். இன்றைக்கு இறுதி ஆட்டம். ஜெயிக்கிற அணியைப் பெங்களூருக் கம்பெனி ஒன்று ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்ளும். தங்க இடம், சாப்பாடு, சம்பளம், எல்லாமே அவர்கள் பொறுப்பு. தோற்றால் ஆல்வின் திங்கட்கிழமை மறுபடியும் குடோனுக்குப் போய்த் தறி ஓட்ட வேண்டும்.

அது மட்டும் நடக்கக்கூடாது. ஆல்வினுக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. தை மாசம் பரிசோதித்த டாக்டர், “இன்னும் ரெண்டு வருஷம் அந்தச் சத்தத்துல நின்னா வலது காதும் போயிரும்மா” என்று சொல்லிவிட்டார். அந்தச் சீட்டு பைபிளுக்குள் மடித்து வைத்தபடி இருக்கிறது. தாயையும் மகனையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அணியில் தெரிந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். அவன் இடத்துக்கு மாற்று ஆளாகக் கிருபாசங்கர் என்றொரு பையன் மேடைக்குப் பின்னாலேயே காத்திருக்கிறான்.

கைக்குழந்தையில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. குடோன் மூலையில் பழைய சேலையால் தூரி கட்டிப் போட்டு, அதில் அவனைக் கிடத்திவிட்டு அவள் தறி ஓட்டினாள். அப்போது யார் கண்டார்கள், காது என்பது தேய்கிற பொருளென்று?

“ஏனுங்க அம்மணி, ஒரு பன்னு தின்னுங்க. மூஞ்சி வெளுத்துக் கெடக்குது” என்றார் பக்கத்து நாற்காலிக்காரர் கதிரேசன். கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். அணியின் கேப்டன் கயல்விழி இவர் மகள்தான். முதல் வரிசை நாற்காலிகளை வீட்டாட்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

“எறங்காதுங்கண்ணா. இந்த ஆட்டத்துல என்ன பண்றாங்கன்னே எனக்குத் தெரியிலீங்க.”

“அதொண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. சென்னைப் பசங்க அஞ்சு பேரு குண்டு வெக்க வாராங்க. நம்ம புள்ளைங்க அஞ்சு பேரு தடுக்கோணும். வெக்கிற எடம் ரெண்டே ரெண்டு, ஏ ஒண்ணு, பி ஒண்ணு. எங்க வாராங்கன்னு முன்னக்கூட்டியே தெரிஞ்சுபோச்சுன்னா பாதி ஜெயிச்ச மாதிரிதானுங்க.”

“அது எப்பிடித் தெரியும்?”

“காலடிச் சத்தமுங்க! இந்த ஆட்டத்துல கண்ணவிடக் காதுதானுங்க பெருசு.”

சூசைமேரியின் பார்வை மகனின் இடது காதுப் பக்கம் போய் நின்றது.

முதலில் பதின்மூன்று சுற்று ஜெயிப்பவர்களுக்கு ஆட்டம்; பன்னிரண்டில் சமமாகிவிட்டால் மட்டும் அதற்கு மேல் இரண்டு சுற்று முந்த வேண்டும். சென்னை அணி பன்னிரண்டில் இருந்தது, கணபதி ஒன்பதில். அவர்களுக்கு இன்னும் ஒன்றே ஒன்று போதும். கடைசி மூன்று சுற்றிலும் ஆல்வின்தான் முதலில் செத்தான், மூன்று தடவையும் இடது பக்கத்திலிருந்து வந்த ஆளிடம்.

மேடைக்கு மேலே பெரிய திரை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அரை நிமிஷம், ஆடுகிறவர்களின் முகத்தை அதில் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். அவர்கள் பேசுவது கூட்டத்துக்குக் கேட்காது. பின்னணியில் பாட்டுத்தான் ஓடும். ஆனால் சூசைமேரிக்குக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. தறிக்குடோன்காரர்களுக்கு வாயசைவுதான் பாஷை. எட்டுத் தறிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளோடு குழம்பு, கல்யாணம், சண்டை எல்லாவற்றையும் உதட்டிலேயே பேசி முடிப்பார்கள். அந்தத் திரையிலோ உதடு ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

கயல்விழியின் முகம் வந்தது. “ஆல்வின், காதுல பஞ்ச அடச்சுட்டு வந்தயாடா? மூணு தடவ! அடுத்தது போனா கிருபாவ உள்ள எறக்கச் சொல்லீருவேன், பாத்துக்க.”

ஆல்வினின் முகம் வந்தது. “சாரிக்கா.” அதுக்குமேல் அந்தப் பிள்ளையால் என்ன சொல்ல முடியும்?

அப்புறம் சென்னைக் கேப்டன் யஷ்வந்த். கண்ணாடி போட்ட, சிரித்த முகமுள்ள பையன். ஆற அமரத்தான் சொன்னான்: “பி போலாம். அந்த ஆல்வினுக்கு லெப்ட் சைடு கேக்கவே மாட்டேங்குது. மூணு வாட்டி பாத்துட்டேன். அவன் லெப்ட்லயே ஏறுங்க, முடிஞ்சிரும்.”

சூசைமேரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. பெற்றவளும் பிள்ளையும் பைபிளுக்குள் ஒளித்து வைத்திருந்ததை, யாரோ ஒரு பையன் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான். அதன்மேலேயே கால் வைத்து ஏறி வரப்போகிறான்.

மேடை வெளிச்சம் முதல் வரிசைவரைக்கும் வழிந்திருந்தது. ஆல்வின் தலை நிமிர்ந்து தாயைப் பார்த்தான். சின்ன வயசில் தறிகளுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருப்பவன், பயம் வந்தால் இப்படித்தான் நிமிர்ந்து அவளைத் தேடுவான். அவளும் யோசிக்கவில்லை. தறியில் நாடா சிக்கி ஊடை நூல் அறுந்தால், “பின்னால பாரு” என்று அடுத்த தறிக்காரிக்குச் சொல்கிற மாதிரி உதட்டை அசைத்தாள்.

‘பி-க்கு வாராங்க கண்ணு. உன்ற எடது பக்கம்.’

சுற்று தொடங்கியது. திரையில் ஆல்வினின் துப்பாக்கி இடது பக்கம் திரும்பிக் காத்திருந்தது. ஒருவன் வந்தான், விழுந்தான். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள். மண்டபம் எழுந்து நின்றுகொண்டு கூவியது. கதிரேசன் பன்னைக் கீழே போட்டுவிட்டு, “அம்மணி! உங்க பையன் சிங்கமுங்க!” என்று குதித்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து.

அடுத்த அரை நிமிஷத்தில் யஷ்வந்தின் உதடு, “இந்த வாட்டி ஏ” என்றது. சூசைமேரியின் உதடு, ‘ஏ’ என்றது. ஆல்வின் தன் ஆட்களை அந்தப் பக்கம் ஓடச் சொன்னான். பன்னிரண்டுக்குப் பதினொன்று.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். இன்னும் ஒன்று ஜெயித்தால் சமம். அதற்கு மேல் இரண்டு. மூன்றே மூன்று வாயசைவில் தன் பிள்ளையின் காது மிச்சப்பட்டுவிடும். தூரி கட்டிய பாவத்தை இந்த மூன்றில் கழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டது அந்த மனசு. அவளைக் கோபிக்காதீர்கள். தப்பு என்கிற நினைப்பே அவளுக்கு வரவில்லை. குடோனில் ஒருத்தி கண்டதை அடுத்தவளுக்குச் சொல்லாமல் இருந்தால்தானே தப்பு?

மூன்றாவது தடவை ஆல்வின் நிமிர்ந்தபோது, அவள் சொல்வதற்கு முன்னால் அவன் உதடு அசைந்தது.

‘வேண்டாம்மா.’

‘ஏன் சாமி?’

‘எல்லாரையும் வெளிய தள்ளீருவாங்க. இது திருட்டும்மா. கண்ண மூடிக்க.’

‘நாஞ் சொல்லாட்டி நீ தோத்துப்போவே.’

‘தெரியும். கண்ண மூடிக்கம்மா.’

அப்புறம் அவன் கையைத் தூக்கினான். ஆட்டம் நின்றது. தலைமை நடுவர் ரம்ஷா என்கிற பெண், கழுத்தில் அடையாள அட்டை ஆட ஆட, கையில் மைக்கோடு மேடைக்கு ஓடி வந்தாள். பெரிய திரையில் ஆல்வினின் முகம்; அவள் நீட்டிய மைக்கில் அவன் குரல் மண்டபமெங்கும் கேட்டது. சூசைமேரியால் கண்ணை மூட முடியவில்லை. எப்படி மூடுவாள்?

“மேடம், முன்னாடி இருக்கறது எங்கம்மாங்க. அவிங்களுக்கு வாய் பாத்தே பேச்சுப் புரியும். ஸ்கிரீன்ல சென்னைக்காரங்க பேசறதப் பாத்து எனக்குச் சொல்லிட்டாங்க. ரெண்டு ரவுண்டுங்க. அவிங்களுக்கு ரூல் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் எடுத்துக்கிட்டீங்க?”

ஆல்வின் காதொலிப்பானைக் கழுத்துக்கு இறக்கினான். “எனக்கு எடது காது கேக்காதுங்க” என்றான்.

பக்கத்தில் கயல்விழியின் முகம் அப்படியே கல்லாய்ச் சமைந்தது. யஷ்வந்த் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

முடிந்தது. ஆறு மாசமாக மூடி மூடி வைத்தது, அவளுடைய இரண்டு வாயசைவில் மூவாயிரம் பேர் நடுவில் அவிழ்ந்து விழுந்தது. காப்பாற்றப் போய்த் தானே பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ரம்ஷா இரண்டு அணியோடும் பேசினாள். வேறு யார் யாரோ வந்தார்கள். பத்து நிமிஷம் கழித்துத் தீர்ப்பு சொன்னார்கள். இரண்டு சுற்றும் செல்லாது. பன்னிரண்டுக்கு ஒன்பதிலிருந்து ஆட்டம் தொடரும். இனிமேல் முகத்தைத் திரையில் காட்டமாட்டார்கள். தானே வந்து ஒப்புக்கொண்டதால் அணியை வெளியேற்றவில்லை. அந்தம்மா மட்டும் வெளியே போகவேண்டும்.

ஆல்வின் மறுபடியும் கைதூக்கி ஏதோ கெஞ்சினான். கடைசியில் ரம்ஷா மேடையிலிருந்து இறங்கி வந்து, சூசைமேரிக்குக் கேட்கிற மாதிரி குனிந்து சொன்னாள்: “அம்மா, உங்க பையன் உங்கள வெளிய அனுப்ப வேணாங்கறாரு. நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காருங்க. மேடையப் பாக்கக்கூடாது. சரிங்களா?”

“சரிங்க. நானு தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க.”

“தெரியும்மா” என்று சொல்லிவிட்டு அவளே நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

இப்போது சூசைமேரிக்கு எதிரே கூட்டம். வரிசை வரிசையாக வாய்கள். ஒன்றையும் அவளால் தவறவிட முடியவில்லை. ‘இந்தம்மாதான்.’ ‘பாத்தா பாவமா இருக்குது, செஞ்ச வேலயப் பாரு.’ ‘செவிட்டுப் பையன எவன்டா டீமுல சேத்தான்?’ ‘அந்தக் கேப்டன் பொண்ணு பாவம்டா.’ மூன்றாவது வரிசையில் ஒரு சின்னப் பெண், ‘அந்தம்மா அழுவுதுடி’ என்றாள். அதற்கப்புறம்தான் சூசைமேரி கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை கேட்டது அது ஒன்றைத்தானே.

கண்ணை மூடியவளுக்கு மிச்சம் இருந்தது பாதிக் காதும் பாதத்துக்கடியில் தரையும்தான். தறி ஓடும்போது தரை அதிர்வதை வைத்தே எந்தத் தறி நின்றது என்று சொல்லிவிடுவாள். இங்கே தரை ஒருமுறை பெரிதாக அதிர்ந்தது. செபமாலை மணியை இறுக்கிப் பிடித்தாள். தோற்றுவிட்டார்களா? இல்லை, கொஞ்சம் அடங்கி மறுபடியும் அதிர்ந்தது. அப்படியானால் ஆட்டம் இன்னும் ஓடுகிறது. ஒன்று பிடித்திருக்கிறான். இல்லை, இரண்டு. கர்த்தரே, யாருடைய சொல்லும் இல்லாமல் எப்படிப் பிடித்தான்? நப்பாசை என்பது எவ்வளவு கொடியது பாருங்கள், நாண்டுகொண்டு சாகலாம் என்றிருந்தவளுக்குள்ளேயே அது எழுந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை அதிர்ந்தது. அது அடங்கவில்லை. நாற்காலிகள் இழுபட்டன, காலடிகள் ஓடின. பக்கத்தில் கதிரேசன் குதிக்கவில்லை. அதிலேயே தெரிந்துபோயிற்று.

“பதிமூணு பதினொண்ணுங்க, அம்மணி” என்றார் அவர், வெகுநேரம் கழித்து. “நீங்க சொல்லிக் குடுத்த ரெண்டையும் நேர் வழியிலயே திருப்பி எடுத்துப்போட்டாங்க. எம்பட புள்ள கிருபாவ எறக்காம, எடத்த மாத்தி உங்க பையனுக்கு எடது பக்கமாவே நின்னு ஆடுனா. ஆனா அது பத்தலீங்க.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தோளில் ஒரு கை விழுந்தபோதுதான் திறந்தாள். ஆல்வின் எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். காதொலிப்பான் அழுத்திய தடம் இரண்டு கன்னத்திலும் சிவந்திருந்தது. மண்டபம் பாதி காலியாகிவிட்டது. பாட்டை நிறுத்திவிட்டார்கள். சாதாரணமாகப் பேசினாலே கேட்கும். ஆனாலும் அவன் சத்தமில்லாமல் உதட்டைத்தான் அசைத்தான்.

‘திங்கக்கெழம நானும் வாரேம்மா. காலைல ஷிப்ட்டுத்தான?’

வைவான் என்று நினைத்திருந்தாள். வைதிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் ஷிப்ட்டு நேரம் கேட்டான். கேட்டுக்கொண்டே, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி, அவள் தோளிலிருந்து நழுவிய தலைப்பை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டான்.

இருபத்திரண்டு வருஷமாகக் குடோனில் குரலை உயர்த்திப் பயனில்லை என்று உயர்த்தாமலே இருந்தவள் அவள். உள்ளே கிடந்த அத்தனையும் ஒரே சமயத்தில் தொண்டைக்கு வந்தது.

“நீ வரக்கூடாது!”

மேடையில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ அந்தக் குடோன் வாசப்படிய மிதிக்கக்கூடாது! சோறு திங்காட்டிப் போவுது! நானு மூட்ட தூக்கறேன், வூடு வூடாப் போயிப் பாத்தரம் கழுவறேன். என்ற கையாலயே உன்னிய அதுக்குள்ள தூரி கட்டிப் போட்டனே சாமி… போதும். வரக்கூடாது!”

“அம்மா, மெதுவா. எனக்குக் கேக்குது” என்றான் ஆல்வின், இந்தத் தடவை குரலோடு. அவனுக்கும் அதற்குமேல் முடியவில்லை. அவள் மடியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கயல்விழி வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு வருஷ ஒப்பந்தம் அவள் கையிலிருந்தும்தான் போயிருந்தது. ஆல்வினுக்கு இடப்பக்கம் நின்றபடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, அவனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், வலது காதுக்கு நேராகக் குனிந்தாள். அவள் உதடு அசையத் தொடங்கியது.

சூசைமேரி அங்கே பார்க்கவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பி, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.