சூடு இறங்கும்வரை

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் ஷீபா காரைப் புது ஆற்றங்கரைப் புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினாள். பானெட் இடுக்கிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. பின்சீட்டில் அம்மா ஆரோக்கியத்தின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“தண்ணி போயிடுச்சா?”

“ஆமாப்பா.”

“மூடியத் தொறந்துடாத. ஆறட்டும்.”

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். குவைத்திலிருந்து தம்பி கிளாட்சன், “ஆம்புலன்ஸ் வச்சுக்கக்கா, அந்த ஓட்டை வண்டி வேணாம்,” என்று போனில் கெஞ்சினான். அப்பா ரெமிஜியஸ் கேட்கவில்லை. நம்ம வண்டியிலேயே போவோம் என்று ஒரே பிடிவாதம். அவர் பேச்சைத் தட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

வாங்கும்போதே பழைய வண்டி. எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் ஒழுகுகிறதென்று ஹோஸை மாற்றினார்கள், அப்புறம் ரேடியேட்டரை, அப்புறம் வாட்டர் பம்ப்பை. ஒவ்வொரு தடவையும் சரியாகிவிட்ட மாதிரிதான் இருக்கும். சில வாரத்தில் வாசலில் பச்சையாக ஒரு திட்டுத் தெரியும். அப்பா ஒன்றும் பேசாமல் கேனைத் தூக்கிக்கொண்டு வருவார். நாகப்பட்டினத்தில் புருஷன் வீட்டிலிருந்து அவளை அழைத்துவந்ததும் இதே வண்டியில்தான். வழிநெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். என்ன நடந்தது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

கேன் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் நிரப்பிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. ஆற்றில் வெறும் மணல். மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்த குடிதண்ணீரை அம்மா துணியில் நனைத்து அவர் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு நாற்றங்காலுக்குப் பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டது.

“தண்ணி எடுத்துட்டு வந்துடறேம்மா.”

“போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்.”

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப் பழகிய உடம்பு, வரப்பில் நடக்கத் தள்ளாடியது. பம்புசெட்டில் நின்ற பெரியவர் அவளையும் கேனையும் பார்த்தார்.

“வண்டி நின்னுபோச்சா? கூட யாரும்மா?”

“அப்பாவும் அம்மாவும்ங்க. அப்பாவ வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க.”

அவர் கேனை வாங்கி நிரப்பி, தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கார் பக்கம் வந்து உள்ளே குனிந்து பார்த்தவர், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் ஷீபாவுக்குத் தெரிந்தது.

அம்மா அப்பாவின் விரல்களைச் சேர்த்து ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எப்பம்மா?”

“நீ வாய்க்காலத் தாண்டறப்ப. கூப்பிடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள…” ஜெபமாலையைச் சுற்றி முடித்து, “நீ தண்ணிய ஊத்து,” என்றாள்.

ஷீபா ரேடியேட்டர் மூடிமேல் துணியைப் போட்டுத் திருகினாள். ஊற்றும்போதே பாதித் தண்ணீர் தரையில் போயிற்று. பெரியவர் கேனை வாங்கி மீதியை ஊற்றினார்.

“ஆம்புலன்ஸ்ல வந்திருந்தா வீட்டுக்குப் போயிருப்பாரும்மா,” என்றாள் ஷீபா.

“சும்மா இருடி.” அம்மாவின் குரலில் சத்தே இல்லை. “வீட்டுக்கு வந்தப்பறந்தான் உசுரு போச்சுன்னு சொல்லிக்குவோம். தம்பிகிட்டயும் அப்படியே சொல்லு. வண்டிய எடு.”

பூதலூர் தாண்டியதும் முள் மறுபடி ஏறத் தொடங்கியது. இனி எங்கும் நிறுத்த முடியாது. எஞ்சின் சூட்டைக் கொஞ்சமாவது இழுக்கட்டுமென்று ஷீபா ஹீட்டரை முழுதாகத் திருகினாள். வைகாசி வெயிலில் உள்ளே அனல் அடித்தது. ஜன்னலை இறக்கப் போனாள்.

“வேணாம். அவர் மேல புழுதி விழும்.”

கார் மெதுவாகப் போயிற்று. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அம்மா தெரிந்தாள். நெற்றியிலிருந்து இறங்கிய வியர்வை கன்னத்தில் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. ஸ்கேன் கவரை எடுத்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.