பதினேழாம் வீடு காலி

12.5.2005, வியாழன்.

நேற்றைய கணக்கெடுப்பில் ஒரு தவறு செய்துவிட்டேன். நோட்டில் பதினேழாம் எண் வீட்டுக்கு நேரே ‘காலி’ என்று எழுதினேன். கதவில் பூட்டு தொங்கியது, தட்டிப் பார்க்கவில்லை. எங்கள் பழைய குப்பத்தில் வேலைக்குப் போகிறவர்கள் கதவைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டுத்தான் போவார்கள். பூட்டு என்றால் குடும்பமே வெளியூர் போயிருக்கிறது என்று பொருள். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

எண்ணியது மாலை வகுப்புக்காக. ஐயாயிரம் பேர், நெருக்கமான வீடுகள், ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு விவசாயம் அல்லாத வேலை. இவை இருந்தால் நகரம் என்றார் பெலிக்ஸ் சார். சுனாமிக்குப் பிறகு நான்கு குப்பத்து ஆட்களைத் தார் அட்டை வீடுகளில் வரிசையாகக் குடிவைத்திருக்கிறார்களே, இது எதில் சேரும் என்று கேட்டேன். “நீயே எண்ணிப் பாத்துச் சொல்லும்மா” என்றார். நூற்று எழுபத்திரண்டு வீடுகள், நான்கு காலி. ஆட்கள் ஐயாயிரத்துக்கு எவ்வளவோ குறைவு. நெருக்கமும் வேலையும் மட்டும் தேறின.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் பதினான்காம் வீட்டு அடுப்பிலிருந்து தீ பிடித்தது. தார் உருகிச் சொட்டச் சொட்ட எரிந்து பதினைந்துக்கும் தாவியது. எதிர்வரிசை கலியபெருமாள் அண்ணன் கடப்பாரையோடு ஓடி வந்தார்.

“ஏம்மா நிவேதா, நோட்டப் பாரு. பதினேழுல யாருனா இருக்காங்களா?”

“காலிண்ணே.”

“அப்ப வுடு. பதினெட்டுல கெழவன் படுத்துக்கினு இருக்கான், அவனத் தூக்குங்கடா!”

எல்லோரும் அங்கே போனார்கள். தட்டிப் பார்க்காமல் எழுதியதில் எனக்கே நம்பிக்கை இல்லை. பதினேழின் கதவைத் தட்டி, “உள்ள யாருனா இருக்கீங்களா?” என்று மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பினேன். அப்போது உள்ளே இருமல் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல்.

நான் போட்ட கூச்சலில் அண்ணன் வந்து பூட்டை நெம்பினார். தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால், புகைக்குள், ரேணுகா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தையல்நாயகி அக்காவின் மகள், பதின்மூன்று வயது.

“கத்தினாங்களே, வாயில இன்னா கொழுக்கட்டையா?” என்றார் அண்ணன், அவளைத் தூக்கிக்கொண்டே.

“யாரு கூப்ட்டாலும் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போச்சு.”

இரண்டு வீடுகளோடு தீ அடங்கியது. உப்பளத்திலிருந்து அக்கா ஓடி வந்தார். முழங்கால்வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கதவைப் பார்த்தார்.

“யாரு பூட்ட ஒடச்சது?”

“நாங்கதாங்க்கா.”

“போன வாரம் எவனோ கதவத் தட்டிட்டு ஓடியிருக்கான். எந்தக் குப்பத்தான்னே தெரியல. நாளைக்கு இவள எப்படி வுட்டுட்டுப் போவேன்?”

பழைய இடமாக இருந்தால், தட்டியவன் யார் மகன் என்று பொழுது சாய்வதற்குள் தெரிந்திருக்கும். இங்கே யார் யாரென்று யாருக்கும் தெரியாது. சார் சொன்ன அளவுகளில் இது இல்லை.

நோட்டில் இன்னும் மூன்று ‘காலி’ இருக்கின்றன. மாலையில் மூன்றையும் தட்டினேன். எங்கும் பதில் இல்லை. பதில் இல்லை என்றால் என்ன பொருள் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

நாளை: காலை நான்கு மணிக்கு, உப்பளத்துக்கு ஆட்கள் புறப்படுமுன், அந்த மூன்று வீடுகளுக்கும் போய் உள்ளே யாரை விட்டுப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். ரேணுகாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும்.