கடைசி வரிசை

அந்தக் குடியிருப்பு வருவதற்கு முன்னால் அங்கே ஒரு செங்கல் சூளை இருந்தது. ஆற்றங்கரை மண்ணைத் தோண்டித் தோண்டி, இனி எடுக்க ஒன்றுமில்லை என்றானதும் சூளைக்காரர்கள் போய்விட்டார்கள். பள்ளங்களில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரவி, கோடு கிழித்து, மனை மனையாக விற்றார்கள். ஆற்றை ஒட்டிய கடைசி வரிசையை யாரும் சீந்தவில்லை. நர்ஸம்மாவுக்கும் அவள் கணவர் பஸ் டிரைவருக்கும் கட்டுப்படியானது அந்த வரிசைதான்.

ஆரம்பத்தில் மழை பெய்தால் பஸ் நிற்கும் இடம் வரை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். நர்ஸம்மா சீருடையைப் பையில் மடித்து எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொள்வாள். பிறகு தெருவிளக்கு வந்தது, தார் ரோடு வந்தது, அக்கம்பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் பிறந்தன. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் தட்டுவது அவள் வீட்டுக் கதவைத்தான். அம்மா போன பிறகு அவளே தூக்கி வளர்த்த தம்பி, மெயின் ரோட்டில் மருந்துக்கடை போட்டான். மூன்றாம் தெருவில் வீடும் கட்டினான். "அக்கா குத்துவா, தம்பி கசப்பைக் கொடுப்பான். இந்தக் குடும்பத்துகிட்ட இருந்து தப்பிக்கவே முடியாது" என்று ஜனங்கள் சிரிப்பார்கள்.

ஒரு காலத்தில் சீந்தாத கடைசி வரிசைமேல் பிற்பாடு எல்லோருக்கும் ஒரு கண் விழுந்தது. சாயங்காலக் காற்றுக்கு அதைவிட்டால் வேறு இடமில்லை. நர்ஸம்மாவின் பின்வாசல் வழியாகத்தான் பாதிப் பேர் கரைக்குப் போவார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

முதல் வெள்ளம் முழங்கால் அளவோடு போயிற்று. கழுவிவிட்டுச் சிரித்துக்கொண்டார்கள். இரண்டாவது வெள்ளம் அப்படியில்லை. பட்டப்பகலில், சாக்கடைகள் வழியாகத் தெருவுக்குள் பொங்கி வந்தது. இரண்டாம் தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருந்தார். எங்கேயும் நேரத்துக்கு வராதவர் என்பதால் அவருக்கு 'வாட்ச்' என்றே பெயர். அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். நர்ஸம்மாவும் டிரைவரும் வாட்சும் ஒரு கதவைக் கழற்றி அதில் அவளைக் கிடத்தித் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மார்பளவுத் தண்ணீரில் டிரைவருக்குக் கால் இடறியது. ஒரே ஒரு முறைதான் கதவு சாய்ந்தது. மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது நர்ஸம்மா நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கையை விடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் வடிந்த பின் பொறியாளர்கள் வந்து அளந்தார்கள். கரையில் உயரமாக ஒரு சுவர் எழுப்பினால் குடியிருப்பு பிழைக்கும், ஆனால் ஆறு வளைகிற இடம் என்பதால் சுவரைக் கடைசி வரிசை வீடுகள் இருக்கும் இடத்தில்தான் எழுப்ப முடியும் என்றார்கள். அந்தப் பதினான்கு குடும்பங்களுக்கும் நகரத்தின் மறுகோடியில் அங்கங்கே காலியாக இருக்கும் அடுக்குமாடிகளில் வீடு தருவார்களாம். முடிவைக் குடியிருப்போர் சங்கமே சொல்ல வேண்டும்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் தம்பி அவள் வீட்டில்தான் மத்தியானம் சாப்பிட்டான். ஊர்க்கதை எல்லாம் பேசினான், சுவரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. தம்பி நம் பக்கம்தான், இதில் பேச என்ன இருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

மறுநாள் சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. வாட்ச் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தார். எழுந்து நேராக அவளைப் பார்த்துப் பேசினார்.

"சுவர் வந்தா என் வீட்டுக்காரி திரும்பி வரப்போறதில்லை, நர்ஸம்மா. ஆனாலும் நான் கை தூக்கப்போறேன். அவளை நீங்க சுமந்தீங்க. நானே உங்களுக்கு எதிரா நிக்கறேன். மன்னிச்சுக்கங்க."

அவள் தலையசைத்தாள். அவர்மேல் அவளுக்குத் துளியும் கோபம் வரவில்லை.

பிறகு கைகள் எழுந்தன. அவற்றில் பாதிக்குமேல் அவள் ஊசி போட்ட கைகள். திரும்பிப் பார்த்தாள். பின்னால் கதவோரம் தம்பி நின்றிருந்தான். அவன் கையும் மேலேதான் இருந்தது. பார்வை மட்டும் மின்விசிறிமேல் இருந்தது.

வீட்டுக்கு நடந்து போகும்போது டிரைவர் சொன்னார்: "விடு. அவனுக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"நேத்து என் வீட்டுல உக்காந்து ரெண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கித் தின்னான்" என்றாள் அவள்.

ஆறாவது மாடியில் வீடு கிடைத்தது. பதினான்கு குடும்பங்களும் திக்குக்கு ஒன்றாகச் சிதறிப்போயின. டிரைவர் பால்கனியில் நாற்காலி போட்டு, கீழே போகிற பஸ்களின் தடம் எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். சில மாதங்களில் அதையும் நிறுத்திவிட்டார். லிஃப்ட் ஓடுகிற நாளை எண்ணிவிடலாம். ஓடினாலும் அவர் இறங்குவதில்லை. "கீழ போய் யாரைப் பாக்கறது?" என்பார். பேச ஆளில்லாத வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

தம்பி வாரம் தவறாமல் போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. இரண்டாம் வருடம் டிரைவரின் கால் வீக்கத்தைப் பார்த்தபோதே, டாக்டர் சொல்வதற்கு முன்பே, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் போன அன்று தம்பி ஓடி வந்தான். "அக்கா" என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தானைச் சுமக்க முதல் ஆளாகத் தோள் கொடுத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான்.

மூன்றாவது வெள்ளம் வந்தபோது அவள் தனியாக இருந்தாள். மழை விடாமல் கொட்டியது. பிறகு பழைய அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். "நர்ஸம்மா, ஒரு சொட்டு உள்ள வரலை. நீங்க விட்டுக்கொடுத்த இடம் எங்களைக் காப்பாத்திடுச்சு." அவள் எல்லோரிடமும் "நல்லது" என்றாள். தான் எங்கே விட்டுக்கொடுத்தோம் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

வெயில் வந்ததும் இரண்டு பஸ் மாறிப் போனாள். சுவர் இரண்டாள் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் நின்றது. எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் ஆறு தெரியவில்லை. படியேறி மேலே போய், தன் அடுப்படி எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிடிபடவில்லை. நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெண், "யாரைத் தேடறீங்கம்மா?" என்று கேட்டாள். "யாரையும் இல்லை" என்று இறங்கிவிட்டாள்.

மருந்துக்கடையில் தம்பி கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எண்ணிக்கை தவறியது. வெளியே வந்து முக்காலியைத் துடைத்துப் போட்டான்.

"தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டாள்.

"சுவர் உச்சிக்கு ஒரு சாண் கீழே."

"அப்போ எங்க வரிசை மொத்தமும் போயிருக்கும்."

"ஆமாக்கா."

"சுவர் வேணும்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பொம்பளை என் கையிலதான்டா செத்தா. முந்தின நாள் வந்தியே, அப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லத்தான் வந்தேன். நீ சோத்தைப் போட்டுட்டு, 'நீ இருக்கறப்போ எனக்கென்னடா கவலை'ன்ன. அப்புறம் எனக்கு வாய் வரலை."

தான் அப்படிச் சொன்னதை அவள் மறந்தே போயிருந்தாள். கடைக்கு ஒருத்தி இருமல் மருந்து கேட்டு வந்தாள். அவன் எடுத்துக் கொடுத்து அனுப்பும் வரை அவள் முக்காலியில் காத்திருந்தாள்.

"உங்க அத்தான் உன்னைப் பத்தித் தப்பா ஒரு சொல் சொன்னதில்லை" என்றாள் பிறகு. "நீ போன் பண்றப்பல்லாம், 'கொடு, நான் பேசறேன்'னு கையை நீட்டுவாரு. நான் கொடுக்கலை. ஆள் இல்லாம வாடிக் கிடந்த மனுஷன். உன்கிட்டயாவது ரெண்டு வார்த்தை பேசியிருப்பாரு."

தம்பி அலமாரிகளுக்குப் பின்னால் போய், எதையோ தேடுகிறவன்போல் நின்றான். வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றியிருந்தான்.

"வீட்டுக்கு வாக்கா. பொண்ணுங்க இருக்காங்க."

"இன்னொரு நாள் வரேன். இன்னைக்கு முடியாது."

கடையை அப்படியே போட்டுவிட்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தான். பஸ் வந்ததும் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

"போன் பண்றேன்."

"பண்ணு. எடுக்கறேன்."

உட்கார இடம் கிடைத்தது. ஓட்டுகிறவன் சின்ன வயசுக்காரன், ஒவ்வொரு திருப்பத்திலும் தூக்கிப் போட்டான். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கணவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை. பக்கத்தில் இருந்தவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.