சம்பந்தியின் நாக்கு

பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் அப்பா தாமோதரன் மட்டும் மசால்வடையைத் தொடவில்லை. பிஸ்கட்டைக் காபியில் ஊறவைத்து, வலது கடைவாய்க்கு ஒதுக்கி, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பேசியபோது ர, ல, ட எல்லாம் ஒரே குழகுழப்பில் வந்தன. அதுவும் காலை நேரத்தில்.

சமையற்கட்டில் சரோஜா மகள் யசோதராவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"காலைலேயே ஏத்திக்கினு வந்துகீறாரு. பேச்சு எப்படிக் கீது பாத்தியா?"

"அது குடி இல்லம்மா."

"எனக்கே சொல்றியா? ஒரு குடிகாரனை வெச்சுக் காலம் பூரா மேய்ச்சவ நான்."

அது உண்மை. யசோதராவின் அப்பா குடித்தே செத்தவர். கடைசிக் காலத்தில் அவர் பேச்சும் இப்படித்தான் இருந்தது. அவரைப் புதைத்துவிட்டு வந்து, சரோஜா புத்தர் படத்துக்கு முன்னால் ஒரே ஒரு சத்தியம் செய்தாள்: குடிக்கிற வீட்டில் பெண் கொடுப்பதில்லை. ஜாதகம் பார்க்காத குடும்பம். பார்க்கிற ஒரே பொருத்தம் அதுதான்.

மாப்பிள்ளை சித்தார்த்தை யசோதரா தானேதான் பிடித்திருந்தாள். ஊரிகம் ஸ்டேஷனில் ட்ரெயின் ஏறுகிறவள், அடுத்த ஸ்டேஷன் கோரமண்டலில் ஏறுகிறவனுக்காகப் பையை வைத்து இடம் போட்டாள். அவன் பெங்களூர் வரை பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். விஷயம் தெரிந்ததும் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் மொத்தமும் சிரித்தன. "யசோதராவுக்குச் சித்தார்த்தா? குழந்தை பொறந்ததும் ராத்திரியோட ராத்திரியா கெளம்பிடுவான்டி. கதவைப் பூட்டி வை." இப்போது அவனாகக் கிளம்புவதற்கு முன்னால் அம்மாவே அனுப்பிவிடுவாள் போலிருந்தது.

யசோதராவின் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்க டாக்டர்கள் எழுதுகிற குறிப்பைப் படித்து, எந்த நோயோ அதற்குரிய, ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்குகிற எண்ணைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ் ஓடுகிறது. அவளுக்கு வந்து விழுவதெல்லாம் நாக்குப் புற்று. நாக்கின் மேல்புறத்துக்கு ஓர் எண், ஓரத்துக்கு ஓர் எண், அடிப்புறத்துக்கு ஓர் எண், வேருக்குத் தனி எண். ஆயிரக்கணக்கான ஆட்களை அவள் நாக்காகவே தெரிந்துவைத்திருந்தாள். நாக்கோடு ஓர் ஆள் வந்து எதிரே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

தாமோதரனின் இடது காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்தில் இறங்கிய தழும்பைப் பார்த்ததுமே எண் அவள் மனசில் வந்து நின்றுவிட்டது. ஆனால் வேலையின் முதல் சட்டம், எழுதாததை நீயாக ஊகிக்காதே. அறிகுறிகள் கைகோத்துக்கொண்டு கும்மியடித்தாலும் ஊகிக்காதே. சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்பு. கேள்விக்குள் பதிலைத் திணிக்காதே. 'புற்றுதானே?' என்று கேட்டால் மேனேஜர் தொலைத்துவிடுவார்.

கூடத்தில் தாமோதரன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் மனைவி தாயம்மா அவர் தொடையைக் கிள்ளினாள். "நாக்குல புண்ணு. காபியைச் சூடா குடிச்சிட்டாரு" என்றாள், யாரும் கேட்காமலே. சித்தார்த் ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

சரோஜா வந்தாள். நடுவில் இருந்த வெற்றிலைத் தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம்.

யசோதராவுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆபீஸில் டைப் அடிப்பதை அப்படியே சொன்னாள்.

"மாமா, உங்க கழுத்துல இருக்கிற தழும்பு எதுக்காகச் செஞ்ச ஆபரேஷன்னு தெளிவுபடுத்த முடியுமா? தெரியாதுன்னாலும் தெரியாதுன்னே சொல்லலாம்."

தாயம்மாவின் கை கிள்ளின இடத்திலேயே நின்றுவிட்டது. சித்தார்த்துக்கு முன்பு பங்காருப்பேட்டையில் பார்த்த பெண் வீடு இதைக் கேள்விப்பட்டுத்தான் ஓடிப்போனது.

தாமோதரன் டம்ளரைக் கீழே வைத்தார். "நாக்கு. கேன்சர்."

"எந்தப் பக்கம் மாமா?"

"லெஃப்ட்டு."

"ஓரமா, வேரா?"

"ஓரம்" என்றவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலு வருஷமாச்சும்மா. கேட்டவன்லாம் பாவம்னு சொல்லிட்டு எழுந்து போறான். எந்தப் பக்கம்னு ஒருத்தன் கேக்கல."

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. எவ்வளவு வெட்டினார்கள், எப்படித் தைத்தார்கள், அப்புறம் கரண்ட் என்று கதிர்வீச்சு வைத்ததில் வாயில் எச்சிலே ஊறாமல் போனது, எல்லாவற்றையும் ருசித்துச் சொன்னார்.

"இப்ப மருந்து ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்ல. வருஷத்துக்கு ஒருதபா போய்த் தொறந்து காட்டிட்டு வரேன். சுத்தமா கீதுன்றாங்க."

"அப்ப உங்களுக்குக் கேன்சர் இல்ல மாமா. எங்க கணக்குல 'சி' எழுத்துல வரமாட்டீங்க. 'இசட்'ல வருவீங்க. இசட்னா, இருந்தது, போயிடுச்சு."

"எழுத்தே மாறிடுமா?"

"மாறிடும்."

தாமோதரன் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? நான் இசட்டு. இனிமே கிள்ளாத."

சரோஜா இன்னும் அலமாரிப் பக்கமே நின்றிருந்தாள். "அப்ப நீங்க குடிக்கிறதில்லையா?"

"மோர்ல உப்பு கூடினாலே எரியுது. நான் எங்க குடிக்கிறது?"

சரோஜா பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். "கேன்சர்தானா? அய்யே, மொதல்லயே சொன்னா இன்னா? நான் குடியோன்னு பயந்துட்டேன்."

கேன்சர்தானா என்று நிம்மதியாகக் கேட்கிற மனுஷியைத் தாயம்மா அதுவரை பார்த்ததில்லை. முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துச் சித்தார்த் எழுந்தான். அவள் சிரிப்பில் வடைத்தூள் புரைக்கேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

தாமோதரன் நாக்கை நீட்டினார். சரோஜா செல்போன் லைட்டை அடித்துக் குனிந்து பார்த்தாள்.

"எங்க, ஒண்ணும் தெரியலையே."

"இன்னும் ரெண்டு லெவல் கீழ போங்க. நான் வேணா கேஜ் இறக்கட்டுமா?" என்றார், தங்கச் சுரங்கத்துக்குள் கேஜ் என்கிற கூண்டில் இறங்கி வேலை பார்த்தவர்.

ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தலைகள் முளைத்தன. பெண் பார்க்க வந்த இடத்தில் எல்லோரும் சம்பந்தியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தார்த் மெல்ல யசோதராவின் பக்கம் வந்தான். "சாரி. அம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

"வாயைத் தொற."

"எதுக்கு?"

"இன்னும் இன்னா மறைச்சி வெச்சிருக்கேன்னு பாக்கணும்."

சரோஜா அலமாரியிலிருந்து வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து மறுபடியும் நடுவில் வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுடறேன். உங்க பையன் ராத்திரில எழுந்து எங்கயாச்சும் போயிடுவான்னு லைன்ல பேசிக்கிறாங்க."

தாமோதரன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து நாக்கை நனைத்துக்கொண்டார். இந்தப் பதில் தெளிவாக வர வேண்டும்.

"எங்க போவான்? ராத்திரில இங்கேருந்து ட்ரெயினே கெடையாது."