நாற்பத்தேழாம் பக்கம்

தன்னம்பிக்கைப் புத்தகங்களை நான் பழித்துப் பேச மாட்டேன். என் புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம், கல்லிடைக்குறிச்சி நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம்தான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. முதலில் எழுந்து குளியுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. எழுந்து குளித்தேன். அடுத்த மாதம் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பதினாறு வருஷமாக அதே பஸ், அதே கடை. பஸ்ஸில் இன்றும் எதையாவது படித்துக்கொண்டுதான் போகிறேன்.

ஆனால் எங்கள் முதலாளி காந்திமதிநாதன் அண்ணாச்சி எழுதிய புத்தகம் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. 'வியர்வையே விலாசம்' என்று பெயர். சைக்கிளில் துண்டு விற்றவர் மூன்று மாடிக் கடை கட்டிய கதை. அதில் பொய்யில்லை, மனுஷர் உழைத்தவர்தான். போன தீபாவளிக்கு எங்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பதேகாலுக்கு, ஷட்டரைத் தூக்குவதற்கு முன், சாமி கும்பிட்டுவிட்டு அதில் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். எனக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது.

நாற்பத்தேழாம் பக்கத்தில் நானே இருக்கிறேன். 'நம் கடையில் சண்முகசுந்தரி என்றொரு சகோதரி. பத்து மணி நேரம் நின்றாலும் ஒரு நாளும் நாற்காலி கேட்டதில்லை. கால் வலி அவரிடம் தோற்றது.' தோற்றதாம். புடவைக்குள் இரண்டு காலிலும் முழங்கால் வரை பேண்டேஜ் சுற்றிக்கொண்டு நிற்கிறவளைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்.

தப்பு என்னுடையதும்தான். புத்தகம் எழுதும்போது அண்ணாச்சி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எதிரே உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்து, "வேலையில கஷ்டம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். பதினாறு வருஷத்தில் அந்தக் கடையில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஒருவர் வீட்டுக்குப் போனால் வயிறு காய்ந்தாலும் 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்று சொல்லி வளர்ந்தவள் நான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

கடையில் நாற்காலி இல்லாமல் இல்லை. விற்பனையில் நிற்கிற பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் பத்து வாங்கினார்கள். பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் கிடங்கில் கிடக்கின்றன. ஆய்வாளர் வருகிற அன்று மட்டும் அவை கீழே இறங்கும். மற்ற நாளில் கால் ஓய்ந்தால் நாங்கள் கழிப்பறைக்குள் போய் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவோம்.

சுடிதார் பிரிவில் மேலப்பாளையத்து அர்ஷியா இருக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். போன செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் கிங்ஸ்டனிடம் ஒரு நாற்காலி கேட்டிருக்கிறாள். அவர் புத்தகத்தை எடுத்து நீட்டி, நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து கேட்கச் சொன்னாராம்.

சாப்பாட்டு வேளையில் என்னிடம் வந்தாள். "ஒங்களுக்கு நெசமாவே வலிக்கலையாக்கா?" என்றாள். கேலியில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நம்பிக் கேட்டாள். சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன். நான் காட்டிய மரியாதை வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தியை நிற்க வைத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை சீக்கிரமே போய், கிடங்கிலிருந்து இரண்டு நாற்காலிகளை இறக்கி, உறையைக் கிழித்துப் போட்டேன். சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி முடிந்ததும் அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு நாப்பத்தேழு வாசி. சில பேருக்குத் தேவப்படுது."

வாசித்தேன். 'ஒரு நாளும் நாற்காலி கேட்டதில்லை' என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"என்னளா, நிறுத்திட்ட?"

"இது பொய் அண்ணாச்சி. மூணு தடவ கேட்டிருக்கேன். கிங்ஸ்டன் சார்கிட்ட ரெண்டு, அவருக்கு முந்தி இருந்தவர்கிட்ட ஒண்ணு. ஒங்ககிட்ட மட்டும் மரியாதைக்கு இல்லைன்னுட்டேன். அது என் தப்பு. அந்தத் தப்ப அச்சுப் போட்டு இந்தப் பிள்ளைய நிக்க வைக்கியளே."

புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பேண்டேஜைக் காட்டினேன்.

"தனியா வந்து சொல்லியிருக்கலாம்லா" என்றார் அண்ணாச்சி. "எல்லார் முன்னாடியுமா சொல்லுவாக?"

"எல்லார் முன்னாடியும்தான வாசிக்கச் சொல்லுதிய."

கிங்ஸ்டன் குறுக்கே வந்தார். "அக்கா, ஒங்களுக்கு வேல வேணுமா, வேண்டாமா?"

மகள் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். இந்த வேலை போனால் எங்களுக்கு வேறு நாதியில்லை. பயந்துதான் இருந்தேன். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"வேணும். அதான் உக்காரணும்ங்கேன். சேல பாக்க ஆள் வந்தா எந்திரிப்போம். ஆள் இல்லாதப்ப உக்காருவோம். சட்டமும் அதத்தான் சொல்லுது."

ஒரு நாற்காலியை அர்ஷியாவின் பக்கம் தள்ளினேன். அவள் முதலாளியைப் பார்த்தாள், கிங்ஸ்டனைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இன்னொன்றில் நான் உட்கார்ந்தேன்.

"முடிஞ்சிட்டா ஒன் பேச்சு?" என்றார் அண்ணாச்சி.

"பக்கத்துல இன்னும் ஒரு வரி இருக்கு அண்ணாச்சி."

புத்தகத்தை மடியில் விரித்து, உட்கார்ந்தபடியே, தினமும் வாசிக்கிற அதே குரலில் வாசித்தேன். 'சகோதரிகளே, இன்று முதல் சண்முகசுந்தரி செய்வதையே நீங்களும் செய்யுங்கள்.'

முதலில் பட்டுப் பிரிவுப் பெண்கள் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு காட்டன் சேலைப் பிரிவு, பிறகு சுடிதார்க்காரிகள், பில் போடுகிற பெண்கள். கடைசியில் அங்கே நின்றுகொண்டிருந்தது அண்ணாச்சியும் கிங்ஸ்டனும் மட்டும்தான்.