தேறாத டாக்டருக்கு

1
இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. அக்கா எழுதச் சொன்னாள். சொன்னாள் என்பது மரியாதைக்கு, நச்சரித்தாள்.

முதல் வரி இப்படி இருந்தது: வெள்ளைச் சுவர்கள் சூழ்ந்த அந்த அறையில், மரணம் ஒரு நாற்காலியில்...

அக்கா படித்துவிட்டு, "சுவர் பச்சை. நாற்காலியில உக்காந்திருந்தது நான்" என்றாள். அடித்துவிட்டேன்.

2
நடந்தது இதுதான். குடும்ப டாக்டர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுத்தால் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஒரு கல்லூரியில் ஆய்வு செய்தார்கள். ஒரு பொய் நோயாளி உட்கார்ந்திருப்பார். பயிற்சி டாக்டர்கள் ஒவ்வொருவராக வந்து அவரிடம் பேசுவார்கள். கேமரா பதிவு செய்யும், பிறகு மதிப்பெண். அக்காதான் பொய் நோயாளி. அவளுக்குக் கொடுத்த வியாதி ஒற்றைத் தலைவலி. (வீட்டில் நிஜமாகத் தலை வலித்தாலே எங்களை நம்பவைக்கத் தெரியாதவள். அங்கே எல்லோரும் நம்பினார்களாம்.)

ஒரே ஒரு கண்டிப்பு: என்ன ஆனாலும் வேஷத்தைக் கலைக்கக் கூடாது.

3
பயிற்சி டாக்டர்களில் ஒரு பெண் பதற்றத்தோடு உள்ளே வந்தாள். [இங்கே அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் கஷ்டப்படும் அப்பாவும் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவளைப் பற்றி எனக்கென்ன தெரியும்?] தலைவலியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். காலையிலிருந்து பேசித் தொண்டை வறண்டுபோன அக்கா, மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தாள். அந்தப் பெண்ணின் கேள்வி பாதியில் நின்றது.

"இன்னொரு வாய் குடிங்க."

அக்கா குடித்தாள்.

"கழுத்துல ஒரு கட்டி ஏறி இறங்குது. எப்போலேர்ந்து இருக்கு?"

"எனக்குத் தலைவலிதான் டாக்டர்."

"இது நடிப்புக்கு இல்லைங்க. உங்களைத்தான் கேக்கிறேன்."

"இடது பக்கம்தான் டாக்டர் வலிக்குது."

(அக்காவைத் திட்டாதீர்கள். உங்களுக்கும் சேர்த்து நான் திட்டியாகிவிட்டது.)

நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. தலைவலியைப் பற்றிக் கேட்க வேண்டியதில் பாதிகூடக் கேட்டு முடியவில்லை. "தயவுசெஞ்சு யார்கிட்டயாவது காட்டுங்க" என்று கதவருகே நின்று சொல்லிவிட்டு, வாடிய முகத்தோடு போனாள். அவள் தேறவில்லை என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள்.

4
அக்கா காட்டினாள். புற்றுநோய். சீக்கிரமே தெரிந்ததால் முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இதை இலக்கியமாகச் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அக்கா இருக்கிறாள். என்னை நச்சரிக்கும் தெம்போடு இருக்கிறாள். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு வேறில்லை.

நன்றி சொல்ல ஆய்வு நடத்தியவரைத் தேடிப் போனோம். அவர் சங்கடப்பட்டார். "பேரையெல்லாம் ஆரம்பத்துலேயே எடுத்துட்டோம்மா. மதிப்பெண் போட்டதும் வீடியோவையும் அழிச்சாச்சு. ஆய்வோட விதி அது. இப்ப எங்களுக்கே தெரியாது."

5
முடிவு ஒன்று: பேருந்தில் பக்கத்து இருக்கையில் அந்தப் பெண் வந்து உட்கார...

"நம்புற மாதிரி எழுது" என்றாள் அக்கா.

முடிவு இரண்டு: மனம் ஒடிந்துபோய், மருத்துவத்தையே விட்டுவிட்டு...

அக்கா தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "அவளைத் தோக்க வைக்க நீ யாரு?"

அக்காவுக்கு உறுத்துவதே அதுதான். தப்பு செய்துவிட்டோம் என்று அந்தப் பெண் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பாளோ என்று.

6
ஆகவே முடிவு என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கலாம். உங்கள் வீட்டில், தெருவில், நீங்கள் காய்ச்சலுக்குப் போகும் இடத்தில் ஒரு டாக்டர் இருப்பார். படிக்கும்போது பொய் நோயாளியிடம் நிஜக் கேள்வி கேட்டு மதிப்பெண்ணைக் கோட்டை விட்டதுண்டா என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால், அக்கா சொல்லச் சொன்னதை அப்படியே சொல்லிவிடுங்கள்:

"நீ கேட்டது சரியான கேள்விம்மா. நான்தான் தப்பா பதில் சொல்லிட்டேன்."