பார்த்தவர்: சங்கரி

1

இதை நான் பார்க்கவே இல்லையே. பார்த்துவிட்டு மறந்துபோனேனா? இது என் பெயர்தானே?

சங்கரியின் மனதுக்குள் ஓடிய இந்த மூன்று வரிகளுக்காகத்தான் கதையே. ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "எனக்குத் தெரியாமலே என் பேரைப் போட்டிருந்தாங்க." அதற்குமேல் அவள் பேசவில்லை. மற்றதெல்லாம் என் கற்பனை. சங்கரி என்ற பெயரும் அவளைக் கேட்காமல் நான் வைத்ததுதான்.

2

'கல்பாக்கத்திலிருந்து கிளம்பிய கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் கடல் மின்னியபோது, சங்கரி...'

வேண்டாம். மறைமலைநகர் போகிற அந்த பஸ் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும். கடல் தெரியாது. அழகுக்காகப் போட்டேன்.

ஆண்டு 2008. சங்கரியின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள், ஒவ்வொரு வகைத் திரையையும் இயக்கத் தனித்தனி டிரைவர் நிரல் உண்டு. அத்தனை டிரைவர்களும் கூப்பிட்டுக்கொள்கிற பொதுவான உதவி நிரல் ஒன்றும் உண்டு. டிரைவரில் தப்பு நடந்தால் ஒரு வகைத் திரை இருளும். பொது நிரலில் நடந்தால், யார் யார் வீட்டிலோ இருளும். அதனால் ஒருவர் அதை மாற்றினால் இன்னொருவர் வரிவரியாகப் படித்து, கீழே தன் பெயரைத் தரவேண்டும்: பார்த்தவர் இன்னார். வேறு முத்திரை கிடையாது. முகமே தெரியாதவர்கள் அந்தப் பெயரை நம்பி வாங்கிக்கொள்வார்கள்.

அன்று காலை வந்த மின்னஞ்சலில், அந்தப் பொது நிரலில் ஜெபகுமார் செய்த மாற்றம் இருந்தது. அவள் அணியிலேயே புதியவன். கீழே, 'பார்த்தவர்: சங்கரி'. அதற்கும் கீழே எங்கோ வெளிநாட்டில் இருக்கும் பொறுப்பாளரின் பதில்: 'சங்கரி பார்த்துவிட்டதால் நான் படிக்கவில்லை. சேர்த்துக்கொள்கிறேன். ஒரே கேள்வி, சங்கரி: இரண்டாவது திரையைப் பிடுங்கினால் என்ன ஆகிறது என்று பார்த்தீர்கள்தானே?'

சங்கரி எழுந்து ஜெபகுமாரின் மேசைக்குப் போனாள்.

3

"ஜெபா, இதை நான் எப்போ பாத்தேன்?"

"இன்னாக்கா, மறந்துட்டியா? அன்னிக்கு நீ தயிர்சாதம் சாப்டுகினு இருந்தே. லேப்டாப்பத் திருப்பிக் காமிச்சேன். 'பாத்துக்கலாம்'னியே!"

சொல்லியிருந்தாள். அப்புறம் பார்ப்பேன் என்றும் அதற்கு அர்த்தம். கவலைப்படாதே என்றும் அர்த்தம். இப்போது தொந்தரவு செய்யாதே என்றும்கூட. (எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்கே தெரியாது. எழுதியவள் நான்.)

டீம் லீடர் ராமதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேடம், இதுக்குப் போயி பேஜாரு பண்ணாதீங்க. அவனுக்கு வேலை நிரந்தரமாவுற நேரம். 'ஆமா, அப்பவே பாத்தேன்'னு ஒரு வரி போட்டுடுங்க."

4

முதல் பிரதியில் ஜெபகுமாரின் நிரலுக்குள் பெரிய தப்பு ஒன்றை வைத்திருந்தேன். இரண்டாவது திரையைப் பிடுங்கினால் முதலாவதும் செத்துப்போகும். மறுப்பது சங்கரிக்குச் சுலபம்; எனக்கும் சுலபம். அதனாலேயே அடித்துவிட்டேன்.

இப்போது அவள் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து படிக்கிறாள். கேபிளைப் பிடுங்கிப் பார்க்கிறாள். முதல் திரை அசையாமல் எரிகிறது. தப்பே இல்லை. காலையில் வந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. தப்பு இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே ஜெபா. இன்னிக்குப் பாத்தேன்னு போடறேன்."

"அப்ப அன்னிக்குப் பாக்கலன்னு ஆயிடுமேக்கா. என்னை ஃபிராடுன்னுவாங்க. என் வேலை பூடும்க்கா."

5

முடிவு ஒன்று: '"ஆமா, அப்பவே பாத்தேன்" என்று எழுதி அனுப்பினாள் சங்கரி. ஜெபகுமார் எல்லோருக்கும் பஃப்ஸ் வாங்கி...'

இந்த வரியைத் திரும்பப் படித்தபோது என் கைதான் நின்றது. அவள் சொல்லாத சொல்லை அவள் பெயரில் போட்டிருக்கிறேன். ஜெபகுமார் செய்தது வேறென்ன?

முடிவு இரண்டு: ஜெபகுமார் தானே ஒப்புக்கொண்டு... நான் அவனைப் பிழைக்கவைக்கப் பார்க்கிறேன். அவனுக்கு வேலை நிலைத்ததா என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் பெயரில். எனக்கு மிச்சம் இருப்பது அந்த மாலை மட்டும்.

கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ராமதாஸ் கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மொதல்ல போடுங்க மேடம். மத்ததெல்லாம் பாத்துக்கலாம்."

ஜெபகுமார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார்," என்றாள் சங்கரி, அந்த இருவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு மெல்ல. "நான் அன்னிக்குப் பாக்கல."